என் கோபம் ஆள் பாத்துத்தான் வந்துச்சு

கேள்வி: "சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறேன், அப்பறம் தனியா உக்காந்து வருத்தப்படறேன். என்னையே எனக்குப் புரியல. மனசை எப்படி கன்ட்ரோல் பண்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க."

உங்க கேள்வியில கன்ட்ரோல்ங்கற அந்த ஒரு வார்த்தைய மொதல்ல பிடிச்சுக்கறேன். நானும் பத்து வருஷத்துக்கு மேல இதையேதான் சொல்லிட்டு இருந்தேன், "எனக்கு கோபம் வந்தா கன்ட்ரோல் பண்ண முடியாது, எங்கப்பாவும் இப்படித்தான், ரத்தத்துலயே இருக்கு"ன்னு. அது உண்மை இல்லைன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். டெய்லர், கைமடி (டெய்லருக்கு பீஸ் எடுத்துக் குடுக்கற உதவியாள்), செக்கிங்னு என் லைன்ல அம்பது பேர் பக்கம் இருப்பாங்க. ஒரு டி-ஷர்ட்டை ஒரே ஆள் தைக்கறதில்ல, தோள் ஒருத்தர், கழுத்து ஒருத்தர், கை ஒருத்தர், பாட்டம் ஒருத்தர்னு கை மாறி போயிட்டே இருக்கும், நடுவுல ஒருத்தர் தப்பு பண்ணிட்டா பின்னாடி இருக்கற அத்தனை பேரும் அந்த தப்பு மேலயே தைச்சுட்டு போவாங்க, கடைசியில செக்கிங்ல வந்துதான் தெரியும், அதுக்குள்ள முன்னூறு நானூறு பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரிச்சு திருத்தறதுக்கு, வந்து நிக்கும். ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ்னு போர்டுல எழுதணும். கொறைஞ்சா மேனேஜர் வருவார், வந்து எல்லார் முன்னாடியும் கேப்பார். அவர் கேக்கற விதத்தை இங்க எழுத முடியாதுங்க.

2017ல ஒரு ஷிப்மென்ட் அன்னைக்கு, அதாவது சரக்கு அனுப்ப வேண்டிய நாள், காலைல அப்படித்தான் வந்து கேட்டார். நான் "சரிங்க சார், பாத்துக்கறேங்க சார்"னு தலைய ஆட்டினேன். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, கைமடி பொண்ணு ஒண்ணு எம் சைஸ் பண்டில்ல எல் சைஸ் லேபிளை வச்சு குடுத்திருக்கு, ஒடிசாவுல இருந்து வந்து மூணு வாரம்தான் ஆச்சு, தமிழ் தெரியாது. அந்த பண்டிலை தூக்கி மேசை மேல வீசி நான் கத்தினேன் பாருங்க, லைன்ல பாதி மெஷின் நின்னுருச்சு. நான் கத்தினதுல ஒரு வார்த்தை அந்த பொண்ணுக்கு புரிஞ்சிருக்காது, என் முகத்தை மட்டும் பாத்துட்டு நின்னுச்சு. அந்த சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டு போனது, திங்கக்கெழமை வரல.

அதே வாரம் வீட்ல இன்னொண்ணு நடந்துச்சு. பொண்ணு அப்ப நாலாவது படிச்சுட்டு இருந்தா. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் நான் கொஞ்சம் நல்லா பேசிட்டு இருக்கறப்ப ரேங்க் கார்டை கொண்டு வந்து நீட்டினா. தேதிய பாத்தா நாலு நாள் ஆகியிருக்கு. ஏன் கண்ணு இவ்வளவு லேட்டுன்னு கேட்டேன். அவ அம்மாவ பாத்தா. என் வீட்டுக்காரி மெதுவா சொன்னா, "ஏனுங்க, அவ டெய்லி கேட்டுட்டுதான் இருந்தா, அப்பாவுக்கு ஷிப்மென்ட் முடிஞ்சுதாம்மான்னு. முடியட்டும்னு நாந்தான் சொன்னேன்."

மார்க் நல்லாத்தாங்க வாங்கியிருந்தா. அதுக்கே பயந்திருக்கா. என் கோபம் எப்ப வரும் எப்ப போகும்னு ஒம்பது வயசு கொழந்தைக்கு கணக்கு தெரிஞ்சிருக்கு, எனக்கு தெரியல. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என் வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குன்னு அன்னைக்குத்தான் ஒறைச்சுது.

எங்க மச்சான் ரொம்ப நாளா மனவளக்கலை மன்றத்துக்கு போயிட்டு இருந்தார், தியானம் பயிற்சியெல்லாம் சொல்லிக்குடுக்கற எடம், வேதாத்திரி மகரிஷியோடது. கூடுவாஞ்சேரியில நெசவாளர் குடும்பத்துல பொறந்தவர் மகரிஷி, தறியில ஒழைச்சு மேல வந்த மனுசர், 1958ல உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சார், பொள்ளாச்சி பக்கம் ஆழியாறுல பெரிய எடம் இருக்கு, எங்க கொங்கு பக்கம் ஊருக்கு ஊரு மன்றம் இருக்கும். நான் சாமி தியானத்துல எல்லாம் பெருசா ஈடுபாடு இல்லாதவன், மச்சான் தொந்தரவுக்குத்தான் போனேன். தவம், காயகல்பம் எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க, அது பத்தி மத்தவங்க எழுதட்டும். என்னை மாத்தினது அகத்தாய்வுன்னு ஒண்ணு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியில நான் யார்னு அஞ்சு தலைப்பு. பேப்பர் பேனா வச்சு உக்காந்து எழுதற வேலை.

சினம் தவிர்த்தல் அன்னைக்கு, யார் யார் மேல உங்களுக்கு அடிக்கடி கோபம் வருதோ அவங்க பேரை வரிசையா எழுதுங்க, எதுக்காக வருது, வந்ததால என்ன ஆச்சுன்னு பக்கத்துல எழுதுங்கன்னாங்க. நான் வேகமா எழுதிட்டேன். வீட்டுக்காரி, பொண்ணு, எங்கம்மா, லைன்ல ரெண்டு டெய்லர், கைமடி பசங்க, ஆட்டோக்காரர். பாடம் எடுத்த அம்மா பக்கத்துல வந்து என் பேப்பரை பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "இதுல உங்களை வேலைய விட்டு அனுப்பற அதிகாரம் இருக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

ஒருத்தர் பேர் கூட இல்லைங்க. மேனேஜர் இல்ல, மொதலாளி இல்ல, கடன் குடுத்தவர் இல்ல, ரோட்ல பைக்கை நிறுத்தற போலீஸ்காரர் இல்ல. இவங்க எல்லாம் என்னைய எவ்வளவோ பேசியிருக்காங்க, ஒருத்தர் கிட்டயும் எனக்கு "கன்ட்ரோல் பண்ண முடியாத" கோபம் வந்ததே இல்ல. அழகா கன்ட்ரோல் பண்ணியிருக்கேன், தெனமும், வருஷக்கணக்கா. அப்ப எனக்கு அடக்கத் தெரியாமல்லாம் இல்ல. திருப்பி ஒண்ணும் பண்ண முடியாதவங்க கிட்ட அடக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் முடிவு பண்ணி வச்சிருக்கான், அவ்வளவுதான்.

ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின குறள் ஒண்ணு இருக்கு, வெகுளாமை அதிகாரத்துல மொதல் குறள், 301. "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கினென் காவாக்கால் என்." உன் கோபம் எங்க செல்லுபடியாகுமோ அங்க அடக்கறவன்தான் கோபத்தை அடக்கறவன், செல்லாத எடத்துல அடக்கினா என்ன அடக்காட்டி என்னங்கறார். எனக்கு வீடும் லைனும்தான் செல்லிடம். இருவது வருஷம் கழிச்சு அந்த பேப்பரை கையில வச்சுட்டு இருக்கறப்பத்தான் அந்த குறள் என்ன சொல்லுதுன்னே வெளங்குச்சு.

அதனால நீங்க மொதல்ல பண்ண வேண்டியது இந்த லிஸ்டுதாங்க. பேர் எழுதுங்க. எழுதி முடிச்சுட்டு யார் பேரெல்லாம் இல்லைன்னு பாருங்க. உங்களுக்கு வேற மாதிரி வரலாம், எல்லாருக்கும் என் கதையா இருக்காது, ஆனா லிஸ்டுல இல்லாத பேருங்களும் உங்களைப் பத்தி சொல்லும்.

அப்பறம் ஒரு சின்ன நோட்டு போட்டேன், பாக்கெட்ல வைக்கற சைஸ். கத்தினா அன்னைக்கு ராத்திரிக்குள்ள நாலு விஷயம் எழுதுவேன்: மணி என்ன, யார் மேல, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி என்ன நடந்துச்சு, கடைசியா சாப்பிட்டது எப்ப. ரெண்டு மாசம் எழுதினதுல பாதிக்கு மேல மேனேஜர் வந்துட்டு போனதுக்கு அப்பறம் வந்தது. நெறைய, மத்தியானம் சாப்பாட்டை தள்ளிப்போட்ட நாள். யார் மேல கத்தினேனோ அவங்க பண்ணின தப்பால வந்ததுன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிறலாம்.

இன்னொண்ணும் அந்த நோட்டுல தெரிஞ்சுது. நான் எல்லாத்துக்கும் கோபம்னு ஒரே பேர் வச்சிருந்தேன். உள்ள போய் பாத்தா அது அவமானம், இல்லைன்னா வேலை போயிருமோங்கற பயம், சில நாள் வெறும் களைப்பு. நம்ம பாஷையிலயே எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க, எரிச்சல், ஆத்திரம், கடுப்பு, மனத்தாங்கல், ஆத்தாமை, ஏமாத்தம், ஒவ்வொண்ணும் வேற வேற. சரியான பேரை வச்சா பாதி எறங்கிருதுங்க. இது என் அனுபவம் மட்டும் இல்ல, 2007ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில மேத்யூ லீபர்மேன்னு ஒருத்தர் குழு ஸ்கேன்ல ஆளுங்கள படுக்க வச்சு, கோபமா பயமா இருக்கற முகங்களோட போட்டோவ காட்டியிருக்காங்க. அந்த முகத்துல இருக்கற உணர்ச்சிக்கு ஒரு வார்த்தைய தேர்ந்தெடுக்கறப்ப மூளையில அமிக்டலாங்கற பயம் பதட்டம் சம்பந்தப்பட்ட பகுதியோட வேகம் கொறைஞ்சிருக்கு, வெறுமனே அந்த முகத்துக்கு ஒரு ஆள் பேரை தேர்ந்தெடுக்கறப்ப அப்படி கொறையல.

தலகாணிய குத்துங்க, தனியா போய் கத்துங்க, வெளிய கொட்டினா போயிரும்னு நெறைய பேர் சொல்வாங்க. எனக்கு அது ஏத்தித்தான் விட்டுச்சு. பிராட் புஷ்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2002ல 600 காலேஜ் பசங்கள வச்சு இதை சோதிச்சு பாத்திருக்கார், கோபமூட்டின ஆளை நெனச்சுட்டு பாக்சிங் பையை குத்தினவங்களுக்குத்தான் கோபம் அதிகமா இருந்திருக்கு, ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருந்தவங்களுக்குத்தான் கம்மி. ஒண்ணு ரெண்டு மூணு எண்றது எனக்கு சரிப்படல, சிலருக்கு சரிப்படும்.

எனக்கு சரிப்பட்டது ஒடம்பை கவனிக்கறது. கோபம் வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி ஒடம்புக்கு வந்துருது. எனக்கு காது ரெண்டும் சூடாகும், பல்லை கடிச்சுட்டு இருப்பேன். மனசை புரிஞ்சுக்கறது பெரிய வேலை, காது சூடாகுதான்னு பாக்கறது யாராலயும் முடியும். லைன்ல அப்படி ஆனா தண்ணி குடிக்க நடந்துருவேன். வீட்ல, "நான் சூடா இருக்கேன், அரை மணி நேரம் குடு"ன்னு சொல்லிட்டு மொட்டை மாடிக்கு போயிருவேன். அரை மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து அந்த விஷயத்தை பேசியே ஆகணும், அதுதான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒப்பந்தம். வரலைன்னா அது மூஞ்சிய தூக்கி வச்சுக்கறதுல போய் முடியும், கத்தறதை விட அது மோசம், எங்கப்பா ரெண்டு ரெண்டு வாரம் பேசாம இருப்பார், அந்த வீட்ல வளந்தவன் சொல்றேன்.

நீங்க அப்பறம் வருத்தப்படறேன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நானும் ரொம்ப வருத்தப்படுவேன், ராத்திரி தூங்கற பொண்ணோட தலைய தடவி அழுதிருக்கேன். அந்த அழுகை எனக்கு அபராதம் கட்டற மாதிரி ஆயிருச்சு, கட்டிட்டா கணக்கு தீர்ந்துச்சு, மறுநாள் திரும்ப அதே. வருத்தத்தை தூங்கற கொழந்தை கிட்ட காட்டி பிரயோஜனம் இல்லைங்க, முழிச்சிருக்கறப்ப, "நேத்து அப்பா கத்தினது தப்பு கண்ணு, உன் மேல தப்பில்ல, எனக்கு கம்பெனியில திட்டு விழுந்துச்சு"ன்னு காரணத்தோட சொல்லணும். மொத தடவை சொல்றப்ப நாக்கு ஒட்டிக்குச்சு. அவ "சரிப்பா"ன்னுட்டு வெளையாட போயிட்டா. அந்த ஒடிசா பொண்ணு கிட்ட சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கல. யார்கிட்ட கேட்டா அந்த பொண்ணைப் பிடிக்கலாம்னும் தெரியல, கான்ட்ராக்ட்காரர் கிட்ட கேட்டேன், ஊருக்கு போயிருச்சுன்னார். அது இன்னைக்கும் அப்படியேதான் கெடக்குது.

இதெல்லாத்தையும் விட கஷ்டமான வேலை வேற ஒண்ணு. மேல இருந்து வந்ததை கீழ தள்ளாம நிறுத்தணும்னா, வந்த எடத்துலயே பேசணும். ஆறு மாசம் யோசிச்சேன், ஒரு நாள் சாயந்தரம் மேனேஜர் ரூமுக்கு போய், "சார், தப்பு இருந்தா கூப்பிட்டு வச்சு கேளுங்க சார், எத்தனை வேணா கேளுங்க, லைன்ல ஆளுங்க முன்னாடி வேண்டாம் சார்"னு சொல்லிட்டேன். கை நடுங்குச்சு. அவர் நிமிந்து கூட பாக்கல. அடுத்த ஒரு மாசம் இன்னும் கடுமையாத்தான் இருந்தார். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுது, முழுசா நிக்கல. ஆனா சொல்லிட்டு வெளிய வந்த அன்னைக்கு எனக்கு வீட்ல யார் மேலயும் கத்த தோணலைங்க, அதை நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

ஒடம்பையும் ஒரு தடவை பாத்துருங்க. தைராய்டு அதிகமா சொரந்தாலும் எரிச்சல் வரும், தூக்கம் கெட்டாலும் வரும், மனச்சோர்வு வந்த ஆம்பளைங்க பலருக்கு அது அழுகையா வர்றதில்ல, கோபமாத்தான் வெளிய வரும். குடிப்பழக்கம் இருந்தா நான் சொன்ன நோட்டு லிஸ்டு எல்லாம் அதுக்கு அப்பறம்தான். கை ஓங்கற அளவுக்கு போகுதுன்னா தனியா சமாளிக்க பாக்காதீங்க, 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு 2022ல அரசாங்கம் ஆரம்பிச்சது, எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நம்ம பேசறதை கேக்கறதுக்குன்னே ஒக்காந்திருக்காங்க, தயங்க வேண்டாம்.

முழுசா மாறிட்டேன்னு சொல்ல மாட்டேன். லைன்ல இப்பவும் சத்தம் போடறேன், கொறைவு. பொண்ணு காலேஜுக்கு போற வயசாச்சு. நோட்டு நாலாவது ஓடிட்டு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி பிளஸ் ஒன் படிக்கறப்ப ஒரு பரிச்சையில கணக்குல ஃபெயில் ஆனா, பேப்பர் குடுத்த அன்னைக்கே, நான் பைக்கை விட்டு எறங்கறதுக்குள்ள வந்து, "அப்பா, ஃபெயில்"னு நின்னா. அன்னைக்கு ஷிப்மென்ட். காது சூடாச்சு. "அரை மணி நேரம் குடு கண்ணு"ன்னுட்டு மாடிக்கு போனேன், அவ கீழ டீ போட்டு வச்சுட்டு உக்காந்திருந்தா.