அளந்தவர் எல்லோரும் வளைத்தவர் இல்லை

கேள்வி: அமெரிக்காவின் தொடக்கக்கால நில அளவையாளர்கள் எல்லோருமே சங்கிலி பிடித்த கையோடு நிலத்தையும் வளைத்துப்போட்டவர்கள்தாமே? ஆண்ட்ரூ எல்லிகாட்டையும் அவர் குடும்பத்தையும் மட்டும் ஏன் உயர்த்திப் பேச வேண்டும்? வாஷிங்டன் நகரின் வரைபடத்தைக்கூட நினைவிலிருந்து வரைந்து கொடுத்தவர் பெஞ்சமின் பேனக்கர்தானே?

– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் முதல் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் 1749-இல் கல்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளர் ஆனார். அடுத்த ஆண்டே, 18 வயதில், தம் முதல் நிலத்தை வாங்கினார். உயில் எழுதும் காலத்தில் பல பகுதிகளிலுமாக 50,000 ஏக்கருக்கு மேல் அவர் பெயரில் இருந்தது. எல்லிகாட்டின் சொந்தத் தம்பி ஜோசப், ஹாலண்டு நில நிறுவனத்துக்காக நியூயார்க்கின் மேற்கில் 33 லட்சம் ஏக்கர் அளந்து, பஃபலோ நகருக்குத் தெரு வகுத்து, பின்னர் அந்நிறுவனத்தின் முகவராக நில விற்பனையில் பெருஞ்செல்வம் சேர்த்தார். அந்த நிலம் 1797-வரை செனெகா என்னும் பூர்வகுடி மக்களுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தம்பியின் கணக்கை அண்ணன் தலையில் எழுதுவது நியாயமில்லை.

ஆண்ட்ரூ 1754-இல் பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்தில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் எல்லிகாட் கடிகாரம் செய்பவர். 1769-இல் அவர் செய்த கடிகாரத்துக்கு நான்கு முகங்கள்: ஒன்றில் நேரம், ஒன்றில் கோள்களின் நகர்வு, ஒன்றில் அது இசைக்கக்கூடிய 24 பாடல்களின் பட்டியல், நான்காவது முகம் கண்ணாடி, அதன் வழியே உள்ளே சுழலும் சக்கரங்களைப் பார்க்கலாம். தந்தையும் சிற்றப்பாக்களும் மேரிலாந்தில் படாப்ஸ்கோ ஆற்றங்கரையில் மாவு ஆலைகள் நிறுவினார்கள். பல்சக்கரத்தோடும் நொடிக்கணக்கோடும் வளர்ந்த பிள்ளை வானத்தை அளக்கும் கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டதில் வியப்பில்லை. குவேக்கர்கள் ஆயுதம் தொடாதவர்கள். ஆண்ட்ரூவோ விடுதலைப் போரில் மேரிலாந்துப் படையில் சேர்ந்து மேஜர் ஆனார்.

அவருடைய வேலை சங்கிலியோடு முடிந்துவிடவில்லை. 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி. நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் ‘லிங்க்ஸ்’ என்று காண்கிறோமே, அதே கண்ணிதான். வயல்வரப்புக்கு அது போதும். ஆனால் ஓர் எல்லை 31-ஆம் அட்சரேகையில் ஓடவேண்டும் என்று இரண்டு அரசுகள் காகிதத்தில் எழுதிவிட்டால், அந்த அட்சரேகை காட்டில் எந்த மரத்தடியில் இருக்கிறது என்பதைச் சங்கிலி சொல்லாது. கூடாரம் அடித்து, தலைக்கு நேர்மேலே கடக்கும் விண்மீன்களை இரவுக்கிரவு தொலைநோக்கியில் பார்த்து, உச்சியிலிருந்து அவை விலகும் கோணத்தைக் குறித்து, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேகம் மூடினால் அன்றைய இரவு வீண்.

பேனக்கரைப் பற்றிய உங்கள் செய்தி தவறு. அவரை உயர்த்துவதற்கு அந்தக் கதை தேவையும் இல்லை. கறுப்பினத்தைச் சேர்ந்த அந்த விவசாயி எல்லிகாட் ஆலைகளுக்கு அருகே வாழ்ந்தார். ஆண்ட்ரூவின் உறவினரான ஜார்ஜ் எல்லிகாட் இரவல் கொடுத்த நூல்களைக் கொண்டு தாமாகவே வானியல் கற்றார். 1791 பிப்ரவரியில், ஏறத்தாழ அறுபது வயதில், தலைநகரப் பகுதியின் எல்லையை அளக்க ஆண்ட்ரூவுடன் சென்று, கூடாரத்திலேயே தங்கி, விண்மீன் கணிப்புக்கு ஆதாரமான கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டார். ஏப்ரல் முடிவில் ஊர் திரும்பிவிட்டார். நகர வரைபடம் தீட்டிய லான்ஃபான் நீக்கப்பட்டதோ 1792 பிப்ரவரியில். அவர் தம் வரைபடத்தைத் தர மறுத்தபோது, கையிலிருந்த அளவைக் குறிப்புகளைக் கொண்டு அதைத் திரும்ப வரைந்தவர்கள் ஆண்ட்ரூவும் இன்னொரு தம்பி பெஞ்சமினும். பேனக்கருக்கும் இந்தத் தம்பிக்கும் ஒரே பெயர் என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் தலைநகர மண்ணில் ஆண்ட்ரூவுக்கு ஆசை இருந்ததாகவும் தெரியவில்லை: பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள நிலத்தோடு ஒப்பிட்டால் இது, கொட்டிலில் கட்டித் தீனி போட்ட எருதின் பக்கத்தில் நிற்கும் கொக்கு என்று மனைவி சாராவுக்கு எழுதினார்.

1796-இல் ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 31-ஆம் அட்சரேகையைக் குறிக்க வாஷிங்டன் அவரை அனுப்பினார். எல்லிகாட் தம் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான நாச்செஸில் ஸ்பானிய அதிகாரிகள் ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்ததால் 1798-இல்தான் கோடு போடத் தொடங்க முடிந்தது. 1800-இல் வீடு திரும்பினார். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. அடுத்த அதிபர் ஆடம்ஸின் அரசு அவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை முழுமையாகத் தரவில்லை. பெரிய குடும்பத்தைக் காக்க அவர் உடைமைகளை விற்றார். நிலத்தை வளைத்தவர் செய்கிற காரியமா இது? பின்னர் அதிபர் ஜெஃபர்சன் தலைமை நில அளவையாளர் பதவியைத் தர முன்வந்தபோது மறுத்து, லான்காஸ்டரில் பென்சில்வேனிய மாநில நில அலுவலகச் செயலராக அமர்ந்தார். மேற்கு நோக்கிய பெரும் பயணத்துக்குமுன் மெரிவெதர் லூயிஸ் 1803 வசந்தத்தில் அவரிடம் வந்து விண்மீன்களைக்கொண்டு இடம் கணிக்கக் கற்றது அந்த ஊரில்தான். 1813-இல் வெஸ்ட் பாயிண்ட் படைப்பள்ளியில் கணிதப் பேராசிரியரானார். மகள் ஆன் அங்கேயே ஆசிரியராக இருந்த டேவிட் டக்ளஸை மணந்தார். ஆண்ட்ரூ 1820 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார்.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கு நேரான விடை 1811-இல் இருக்கிறது. ஜார்ஜியாவுக்கும் வடக்குக் கரோலினாவுக்கும் இடையே 35-ஆம் அட்சரேகை எல்லை. அது வடக்கே தள்ளி இருக்கிறது என்று நம்பிய ஜார்ஜியா, வடக்குக் கரோலினா உரிமை கோரிய நிலத்தில் தனி மாவட்டமே அமைத்திருந்தது. அதன் பேரில் உயிரும் போயிருந்தது. இரு தரப்பும் சேர்ந்து 1807-இல் அளந்த முடிவு தனக்குப் பாதகமாக வரவே, ஜார்ஜியா தன் செலவில் எல்லிகாட்டை அமர்த்தியது. அறுபதை நெருங்கிய அவர் மலைக்காட்டில் விண்மீன் பார்த்துக் கணக்கிட்டார். கோடு ஜார்ஜியா உரிமை கோரிய இடத்துக்குப் பல மைல் தெற்கே விழுந்தது. கூலி கொடுப்பவருக்காக அவர் அதை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. சட்டூகா ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் இரு மாநிலங்களின் முதலெழுத்துகளைப் பொறித்துவிட்டுத் திரும்பினார். ஜார்ஜியா அவருக்குப் பணம் தர மறுத்தது.