ஓ.எல் முடிந்த பிள்ளைக்குப் பொறுப்பு எப்படி வரும்?

கேள்வி: மகனுக்கு 16 வயது. ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். விடியவிடியப் போன், பகலில் தூக்கம். தகப்பன் ஏ.எல்லுக்கு (உயர்தரத்துக்கு) கணிதப் பிரிவு என்கிறார், இவன் தொழினுட்பம் என்கிறான். எதைச் சொன்னாலும் "ஓம் ஓம்" என்றுவிட்டுப் போகிறான். பொறுப்பு வரவைப்பது எப்படி?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சொல்வதைக் கொஞ்சம் குறையுங்கள். வீட்டு வேலை ஒன்றை முழுதாக அவன் கையில் விடுங்கள். கடைக்குப் போய் இதை வாங்கி வா என்று ஏவினால் அது கணக்கில் சேராது. ஒரு கிழமைக்கான மீன், மரக்கறிக் காசை ஞாயிறன்றே கொடுத்துவிடுங்கள். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது எல்லாம் அவன் பாடு. முதல் கிழமை, செவ்வாய்க்கு முன்னமே பாரைமீனில் பாதிக் காசு கரைந்துவிடும். பரவாயில்லை, வியாழன் சொதியும் சம்பலும்தான். இரக்கப்பட்டு மேலதிகமாகக் காசு நீட்டினீர்கள் என்றால் எல்லாம் வீண். குத்திக்காட்டவும் வேண்டாம். அடுத்த கிழமை அவனே சாளை, சூடை விலை விசாரிப்பான்.

தூக்கத்தில் முழுப் பழியையும் அவன்மேல் போட முடியாது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இந்த வயதில் இரவு பிந்தித்தான் சுரக்கும். ஆனாலும் 8 முதல் 10 மணித்தியாலம் தூங்க வேண்டும். பத்தரைக்கு எல்லாருடைய போனும் ஹோலில் சார்ஜில் கிடக்கட்டும், தகப்பனுடையதும்தான். சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் அது வேறு விஷயம்; 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் பேசுங்கள்.

அப்புறம் பாடப்பிரிவு. தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் என இரண்டு வழி. இரண்டுக்கும் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டங்கள் உண்டு, ஆகவே தகப்பன் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அரச பல்கலைக்கழகப் பொறியியல் பீடம்தான் மகனின் கனவென்றால் கணிதப் பிரிவின் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும்; தொழினுட்பத்திலிருந்து அங்கே போக முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பிரிவைத் தெரிவுசெய்துவிட்டுப் பிறகு அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை நீங்கள் விளக்க வேண்டாம். பிரிவுக்கு ஒருவராக, அங்கே படிக்கிற இரண்டு அண்ணாமாரிடம் அவனே விசாரித்து, ஒரு பக்கத்தில் எழுதித் தகப்பனுக்குச் சொல்லட்டும். தகப்பன் அன்று கேள்வி மட்டும் கேட்கலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது. தொழினுட்பப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. அவன் பாடசாலையில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேட்டு வருவதும் அவன் வேலைதான்.