வாசகர் கேள்வி – பதில்: துப்பாக்கி ஏந்தி நிற்கும் குடிமக்கள்

சென்ற இதழில் அமெரிக்க ஆயுதக் குழுக்களைப் பற்றி நான் எழுதியிருந்த சிறு பதிலைப் படித்துவிட்டு, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டிலிருந்து, வாசகர்கள் பலர் மேலும் கேட்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே சாதாரண மக்கள் சீருடையும் துப்பாக்கியுமாக ‘மிலிஷியா’ என்று அணிவகுப்பதாகச் சொல்கிறான். அந்நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா?
– வாசகர், ஆற்காடு

துப்பாக்கி வைத்திருக்க அனுமதி உண்டு. சொந்தமாகப் படை நடத்த அனுமதி இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. 1791இல் நிறைவேறிய இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம், நன்கு நெறிப்படுத்தப்பட்ட மிலிஷியா ஒரு சுதந்திர மாநிலத்தின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. அன்றைய மிலிஷியா என்பது மாநில அரசு ஆட்களைப் பதிவு செய்து, அதிகாரிகளை நியமித்து, தன் கட்டளையின்கீழ் வைத்திருந்த படை. கலகத்தை அடக்க அந்தப் படையை அழைக்கும் அதிகாரத்தை அதே அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. 1794இல் மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் விஸ்கி மீதான வரியை எதிர்த்து ஆயுதம் எடுத்தபோது, ஏறத்தாழ 13,000 மிலிஷியா வீரர்களைத் திரட்டி அவர்களை அடக்கியவர் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்தான். அரசை எதிர்க்கவே மிலிஷியா உருவாக்கப்பட்டது என்று இன்று வாதிடுகிறவர்கள் இந்த நிகழ்ச்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தனியார் அணிவகுப்புப் படைகளை மாநிலங்கள் தடுக்கலாம் என்று 1886இல் பிரெசர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் சொன்னபோதும், அந்தப் பழைய தீர்ப்பை அது மாற்றவில்லை. 50 மாநிலங்களிலும் ஏதாவதொரு வடிவில் இந்தத் தடை இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. பல மாநிலங்களில் வெளிப்படையாகத் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பதால், போராட்டத்தில் ஒருவர் தோளில் துப்பாக்கி தொங்குவது மட்டுமே குற்றமாகிவிடாது. அப்படிப்பட்ட கூட்டத்தைப் பார்த்தால் விலகிப் போகும்படி மகனிடம் சொல்லுங்கள்.

அரசு அத்துமீறியதால்தானே இந்தக் குழுக்கள் உருவாயின? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறதே?
– வாசகர், ஆம்பூர்

இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது.

1992 ஆகஸ்டில், இடாஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ் என்ற மலைப்பகுதியில், குழல் குறுக்கப்பட்ட இரண்டு துப்பாக்கிகளை விற்ற வழக்கில் ஆஜராகாத ராண்டி வீவர் என்பவரின் வீட்டைக் கூட்டாட்சி அதிகாரிகள் 11 நாள் முற்றுகையிட்டார்கள். அவருக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதத்தில் ஆஜராக வேண்டிய தேதியே தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. முற்றுகையின் முடிவில் ஓர் அதிகாரியும், வீவரின் 14 வயது மகனும், கைக்குழந்தையை ஏந்திக் கதவுக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவியும் இறந்திருந்தார்கள். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து வீவரை, பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு (ஜூரி) விடுவித்தது. 1995இல் அரசு அந்தக் குடும்பத்துக்கு 31 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ரூபி ரிட்ஜுக்கு அடுத்த ஆண்டே டெக்சாஸின் வேக்கோவில், ஒரு சமயக் குழுவின் குடியிருப்பில் சட்டவிரோத ஆயுதங்களைத் தேடிப்போன அதிகாரிகளில் 4 பேர் கொல்லப்பட, 51 நாள் நீண்ட முற்றுகை 1993 ஏப்ரல் 19 அன்று தீயில் முடிந்தது. அன்று மாண்ட 76 பேரில் குழந்தைகள் பலர். தீயை உள்ளே இருந்தவர்களே வைத்தார்கள் என்று பிந்தைய விசாரணை கூறியது. ஆனாலும், குழந்தைகள் இருந்த வீட்டை அப்படி நெருக்கியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் 1990களில் மிலிஷியாக்கள் பெருகின. நியாயமான கோபம்தான். அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். வேக்கோ தீயின் இரண்டாம் ஆண்டு நாளில், 1995 ஏப்ரல் 19 அன்று, முற்றுகையை நேரில் போய்ப் பார்த்து வந்திருந்த டிமத்தி மெக்வே, ஓக்லஹோமா நகரின் கூட்டாட்சி அலுவலகக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார். 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். அந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. வேக்கோவில் குழந்தைகள் இறந்ததற்கு நீதி கேட்டவர் குழந்தைகளைக் கொன்றார் என்பதை என்னால் கடந்து போக முடியவில்லை.

எங்கள் பக்கம் காப்புக்காட்டு ஓரத்தில் மாடு மேய்த்தால் வனத்துறை அபராதம் போடுகிறது. அமெரிக்காவில் மேய்ச்சல் தகராறுக்காகவே துப்பாக்கியோடு நின்று ஜெயித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
– விவசாயி, ஒடுகத்தூர்

உங்கள் கேள்விதான் இந்தப் பொருளின் நடுநரம்பு. நெவாடா மாநில நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். பண்ணைக்காரர்கள் கட்டணம் கட்டித்தான் அங்கே மேய்க்க வேண்டும். பாலைவன ஆமையைக் காப்பதற்காக மேய்ச்சல் குறைக்கப்பட்டபோது, கிளைவன் பண்டி என்ற பண்ணைக்காரர் 1993 முதல் கட்டணம் கட்டுவதை நிறுத்தினார். மாடுகளை மட்டும் நிறுத்தவில்லை. நீதிமன்றங்கள் 1998இலும் 2013இலும் அவருக்கு எதிராகவே சொல்லின. பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2014 ஏப்ரலில் அதிகாரிகள் மாடுகளைப் பிடிக்க வந்தபோது பல மாநிலங்களிலிருந்து ஆயுதக் குழுக்கள் வந்து சேர்ந்தன. நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலிருந்து துப்பாக்கிகள் குறிபார்த்தன. இரத்தம் சிந்தக் கூடாதென்று அதிகாரிகள் மாடுகளை விட்டுவிட்டார்கள். பின்னர் தொடரப்பட்ட வழக்கும், அரசுத் தரப்பு சான்றுகளை மறைத்ததால் 2018 ஜனவரியில் தள்ளுபடியானது. அந்த அளவில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மை.

ஆனால் அதே குடும்பத்தின் அடுத்த போராட்டத்தைப் பாருங்கள். ஓரிகனில் ஹாமண்ட் என்ற தந்தையும் மகனும் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைத்த வழக்கில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றிருந்தார்கள். அந்தத் தண்டனை கடுமையானது என்று அக்கம்பக்கத்தார் பலர் கருதினார்கள். 2016 ஜனவரி 2 அன்று, அவர்களுக்கு ஆதரவாக என்று சொல்லி, கிளைவனின் மகன் அம்மோன் பண்டியின் தலைமையில் ஆயுதக் குழுவொன்று மால்ஹூர் பறவைகள் சரணாலய அலுவலகத்தைக் கைப்பற்றியது. அவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை என்று ஹாமண்ட் குடும்பத்தின் வழக்கறிஞரே அறிவித்தார். தந்தையும் மகனும் நீதிமன்றம் சொன்ன நாளில் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு வாரம் பள்ளிகள் மூடப்பட்டன. நிலத்தை அதன் உண்மையான உரிமையாளர்களிடம் திருப்பித் தருவோம் என்று அந்தக் குழு முழங்கியபோது, அந்த மண்ணின் ஆதிகுடிகளான பர்ன்ஸ் பையூட் மக்கள் அவர்களை வெளியேறச் சொன்னார்கள். 41 நாளில் எல்லாம் முடிந்தது; லவோய் பினிக்கம் என்ற பண்ணைக்காரர் காவலர்களால் சுடப்பட்டு இறந்தார். குறை யாருடையதோ அவர்களுடைய குரல் துப்பாக்கி வந்த முதல் நாளே கேட்காமல் போயிற்று. ஆயுதப் போராட்டத்தின் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. ஜவ்வாது மலை மலையாளி மக்களைப் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டில் குடியிருந்து அதைச் சார்ந்தே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கோரிக்கையை முதலில் கிராம சபையில் வையுங்கள்; அங்கிருந்து அது கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு மாவட்டக் குழுவுக்கும் போகும். மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும்.

வேலூர்க் கோட்டையில் 1806இல் சிப்பாய்கள் ஆயுதம் எடுத்ததைக் கொண்டாடுகிறோம். அமெரிக்கர்கள் செய்தால் மட்டும் தவறா?
– கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூணைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கும் எழும் கேள்வி இது. சிப்பாய்கள் முதலில் சொல்லிப் பார்த்தார்கள். நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணையை அவர்கள் மறுத்தபோது, மே மாதத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கசையடி. வாக்குச்சீட்டு இல்லை, முறையிட நடுநிலையான நீதிமன்றம் இல்லை, தங்களை ஆண்ட கம்பெனியை மாற்றும் வழி எதுவுமில்லை. ஜூலை 10 அன்று அவர்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின், ஏறத்தாழ 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கப் பண்ணைக்காரருக்கு வாக்கு உண்டு, நடுவர் குழு உண்டு. ஓரிகனில் அம்மோன் பண்டியையும் உடனிருந்த ஆறு பேரையும் 2016 அக்டோபரில் விடுதலை செய்ததும் அப்படிப்பட்ட நடுவர் குழுதான். இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை ஏன் இல்லை?
– வாசகர், திருப்பத்தூர்

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியதன் எதிரொலி அது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் காமத் என்ற உறுப்பினர் அதைச் சேர்க்கக் கோரியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. 19(1)(ஆ) பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே தருகிறது. இந்தக் கட்டுப்பாடு அரசுக்கும் உண்டு: சத்தீஸ்கரில் நக்சல்களுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களின் கையில் ஆயுதம் கொடுத்த சல்வா ஜுடும் ஏற்பாட்டை 2011இல் உச்ச நீதிமன்றம் கலைத்தது.

ஒன்றிய அரசின் அத்துமீறலைப் பற்றி நாமும்தானே பேசுகிறோம்?
– வாசகர், காட்பாடி

பேசத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் 1976இலும் 1991இலும் 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டன. இங்கே அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு 1971இல் மாநில உரிமைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1994இல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் வந்த தீர்ப்பு அந்தப் பிரிவுக்குக் கடிவாளம் போட்டது. கடிவாளம் போட்டது ஒரு வழக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

நெவாடாவில் துப்பாக்கியைப் பார்த்ததும் ஒரே நாளில் மாடுகள் திரும்பின. நாங்கள் பாலாற்றுக்காக நீதிமன்றம் போய் எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?
– வாசகர், வாணியம்பாடி

இந்தக் கேள்விக்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லும் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28 அன்றுதான் வந்தது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இந்தத் தாமதம் அநீதி. அதைப் பொறுமை என்ற சொல்லால் நான் மூட மாட்டேன்.

ஆனால் நெவாடாவில் திரும்பியவை ஒருவருடைய மாடுகள் மட்டுமே. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. துப்பாக்கிக்காரர்களை அழைக்காத மற்ற பண்ணைக்காரர்கள் இன்றும் கட்டணம் கட்டுகிறார்கள். வாணியம்பாடியில் கிணறு கெட்ட விவசாயியும் தோல் ஷெட்டில் கூலி வாங்கும் தொழிலாளியும் பல தெருக்களில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அங்கே துப்பாக்கி வந்தால் அது முதலில் யாரைக் குறிபார்க்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டமாக நிலைபெற்றதில் உங்கள் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. சாயக் கழிவால் கிணற்றை இழந்த வேறொரு மாவட்டத்து விவசாயியும் இன்று அதை எடுத்துக்காட்டி வழக்காடலாம்.