அரசாங்க வேலையில் சொந்தபந்தமும் பரிசும்: கேள்வி பதில்

சிங்கப்பூர் அரசாங்கக் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, என் அக்கா கணவர் குளிர்சாதனப் பழுதுபார்ப்பு நிறுவனம் நடத்துகிறார். எங்கள் அமைச்சின் ஏலக்குத்தகைக்கு விலை கொடுத்திருக்கிறார். மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். நேர்மையாகத்தான் பார்ப்பேன். இருந்தாலும் சொல்லியாக வேண்டுமா?

இன்றைக்கே சொல்லுங்கள் தம்பி, எழுத்தில். குழுவிலிருந்தும் விலகிவிடுங்கள். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தோற்றுப்போன நிறுவனத்துக்கு அது எப்படித் தெரியும்? 2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 மடிப்பு மிதிவண்டிகளை 57,200 வெள்ளிக்கு வாங்கிய விவகாரம் நினைவிருக்கிறதா? விற்றவருடன் தனக்கு இருந்த பழக்கம் குறித்துத் தணிக்கையாளர்களிடம் பொய் சொன்னதற்காக ஓர் அதிகாரிக்கு 2014இல் 5,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். பழக்கம் இருப்பது குற்றமில்லை. மறைத்ததுதான் வினையாயிற்று.

குத்தகையாளர் தீபாவளிக்கு விலை உயர்ந்த கைக்கடிகாரம் கொடுத்தார். முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மேலதிகாரியிடம் ஒப்படையுங்கள். மதிப்புப் போட்ட பிறகு, அந்தத் தொகையைக் கட்டி எடுத்துக்கொள்ள வழி உண்டு. வீட்டு அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.

நண்பர் பாசத்தில் கொடுப்பது எப்படி லஞ்சமாகும்? நான் அவருக்கு எதுவும் செய்து தரவில்லையே.

பலரும் சறுக்குவது இங்கேதான். தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவுக்குப் பிரதியுபகாரம் தேவையே இல்லை. உங்கள் அலுவலோடு தொடர்புள்ளவர் என்று தெரிந்தே, அவரிடமிருந்து மதிப்புள்ள பொருளை இலவசமாக வாங்கினாலே போதும். தொழிலதிபர்களிடம் பரிசுகள் வாங்கிய முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் வழக்கில் முதலில் இருந்த இரு ஊழல் குற்றச்சாட்டுகளும் இந்தப் பிரிவுக்குத்தான் மாற்றப்பட்டன. இப்பிரிவின்கீழ் நான்கு, நீதிக்கு இடையூறு செய்ததாக ஒன்று என ஐந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை. அமைச்சர் என்றும் பார்க்கவில்லை, நட்பு என்ற வாதமும் காப்பாற்றவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எனக்கு மனம் கனத்தது. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வார இறுதியில் துணைப்பாடம் நடத்தலாமா?

அனுமதி வாங்கிவிட்டு நடத்துங்கள். அவ்வளவுதான்.

அண்ணே, முதல் கேள்வி கேட்டவன்தான். நான் விலகினால் மச்சான் கோபித்துக்கொள்வாரே?

அவர் போட்டியில் தாராளமாக இருக்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். நீங்கள் உள்ளே இல்லாவிட்டால் அந்த வெற்றியை யாரும் குறை சொல்ல முடியாது. இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம், மற்றவர்கள் கொடுத்த விலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடாதீர்கள், அக்காவிடம்கூட.