யாரும் போய் அளக்காமலேயே, சூரியனிலிருந்து கோள்கள் இருக்கும் தூரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வியின் விவரத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பூமி 15 கோடி கி.மீ., நெப்டியூன் 450 கோடி கி.மீ. என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. இதை எப்படி அளந்தார்கள்? அந்தத் தூரம் எப்போதும் மாறாமல் இருக்குமா? இந்தத் தூரங்களுக்கு ஏதாவது சூத்திரம் உண்டா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விகிதம் முதலில் தெரிந்தது, கிலோமீட்டர் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. வெள்ளி, பூமியின் தூரத்தில் சுமார் 72 சதவீதத்தில் சுற்றுகிறது என்பது 1543-இல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் அச்சானபோதே கணக்கில் வந்துவிட்டது. ஆனால் பூமியின் தூரம் என்று அவர் எடுத்துக்கொண்ட எண், உண்மையான தூரத்தில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குதான். அளவுகோல் குறிக்காத ஊர் வரைபடம் ஒன்று கையில் இருப்பது மாதிரியான நிலை. எந்தத் தெரு எந்தத் தெருவைவிட எத்தனை மடங்கு நீளம் என்று சொல்லிவிடலாம், எத்தனை மீட்டர் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரே ஒரு தெருவை அளந்துவிட்டால் போதும், மொத்த ஊரும் மீட்டருக்கு மாறிவிடும். சூரியக் குடும்பத்தில் நடந்ததும் அதுதான்.

விகிதம் எப்படிக் கிடைத்தது? வெள்ளியை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். வெள்ளி எப்போதும் சூரியனை ஒட்டியேதான் தெரியும், நள்ளிரவில் தலைக்கு மேல் வராது. காரணம், அதன் பாதை நம் பாதைக்கு உள்ளே இருக்கிறது. மாலை வானத்தில் அது நாளுக்கு நாள் சூரியனை விட்டு விலகிப்போகும். ஒரு கட்டத்தில் நின்று, அப்புறம் திரும்பி நெருங்க ஆரம்பிக்கும். அந்த அதிகபட்ச விலகல் கிட்டத்தட்ட 46 டிகிரி. சுமார் 19 மாதத்துக்கு ஒருமுறை மாலையில் இந்த வாய்ப்பு வரும்.

அந்த நாளில் என்ன விசேஷம் என்றால், நம் பார்வைக் கோடு வெள்ளியின் பாதையை வெட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் போகிறது. ஆகவே வெள்ளி இருக்கும் இடத்தில் செங்கோணம் உருவாகிறது. ஒரு தாளில் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே 10 செ.மீ. கோடு போடுங்கள். பூமி முனையில் 46 டிகிரியில் ஒரு கோடு. சூரியனிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கி ஸ்கேல் வைத்தால் 7.2 செ.மீ. வரும். முடிந்தது. வெள்ளியின் தூரம் பூமியின் தூரத்தில் 0.72. நான் பாகைமானியையும் ஒரு நீளக் குச்சியையும் வைத்து, சூரியன் தொடுவானத்தில் மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சில நிமிடம் கழித்துத் தெரிந்த வெள்ளி வரைக்கும் கோணம் எடுத்தேன். 45 டிகிரி கிடைத்தது, தாளில் 7.1 செ.மீ. வந்தது. இவ்வளவு எளிய சாமானுக்கு இவ்வளவு நெருங்கிய விடை வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம். (சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். அது மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டாலே போதும்.)

புதனுக்கும் இதே வழிதான். ஆனால் புதன் சில தடவை 18 டிகிரி விலகலிலேயே திரும்பிவிடும், சில தடவை 28 வரை போகும். அதன் பாதையில் சூரியன் நடுவில் இல்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

நமக்கு வெளியே சுற்றும் செவ்வாய்க்கு இந்த வழி உதவாது. அங்கே வானியலாளர் கெப்ளர் செய்ததுதான், என்னைக் கேட்டால், இந்தக் கதை முழுவதிலும் அழகான வேலை. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாள். அதாவது இன்றைக்கு எங்கே இருக்கிறதோ, 687 நாள் கழித்து அதே இடத்துக்கு வந்துவிடும். ஆனால் பூமி அந்த நாளில் அதே இடத்தில் இருக்காது. இரண்டு சுற்று முடிய இன்னும் 43 நாள் பாக்கி இருக்கும். ஆக, செவ்வாய் ஒரே புள்ளியில், நாம் இரண்டு வெவ்வேறு இடங்களில். இரண்டு இடத்திலிருந்தும் செவ்வாய் தெரிந்த திசையைக் கோடாகப் போட்டால், அவை வெட்டும் இடம்தான் செவ்வாய். டைக்கோ பிராஹே என்ற வானியலாளர் பல ஆண்டுகள், தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறும் கண்ணால் எடுத்து வைத்த செவ்வாய் அளவுகள் கெப்ளரிடம் இருந்தன. 687 நாள் இடைவெளி உள்ள ஜோடிகளாக அதிலிருந்து தேர்ந்தெடுத்து, புள்ளி புள்ளியாகப் பாதையை வரைந்தார்.

வட்டமாக வைத்துப் பார்த்தார். 8 நிமிடக் கோணம் இடித்தது. ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்குதான் ஒரு நிமிடம். வேறு யாராக இருந்தாலும் அளவில் பிழை என்று விட்டிருப்பார்கள். டைக்கோ அவ்வளவு தவறு செய்ய மாட்டார் என்று கெப்ளர் உறுதியாக நம்பினார். அந்த 8 நிமிடத்தை விடாமல் துரத்தியதில்தான் 1609-இல் நீள்வட்டம் வந்தது.

நீள்வட்டம் என்றதும் முட்டை வடிவத்தில் ஒரு படம் மனதில் வரும். பாடப் புத்தகங்கள் அப்படித்தான் போடுகின்றன, அது ஆளைத் தவறாக வழிநடத்தும் படம். நம் 10 செ.மீ. தாளுக்கே வாருங்கள். அதே அளவில் செவ்வாயின் பாதைக்கு ஆரம் 15.2 செ.மீ. அது வட்டத்திலிருந்து எவ்வளவு நசுங்கியிருக்கும் தெரியுமா? குறுகிய பக்கத்து ஆரம் 0.7 மி.மீ. மட்டும் குறைவு. பென்சில் கோட்டின் தடிமனிலேயே மறைந்துவிடும். ஆனால் சூரியன் நடுப்புள்ளியிலிருந்து 1.4 செ.மீ. தள்ளி இருக்கும், அது பளிச்சென்று தெரியும். கோள்களிலேயே அதிகம் நசுங்கிய பாதை புதனுடையது. அதற்கும் குறைவு 1 மி.மீ.க்குள்தான், சூரியன் மட்டும் 8 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். கோள்களின் பாதையைக் கற்பனை செய்ய வேண்டுமானால், கிட்டத்தட்ட வட்டம், ஆனால் சூரியன் நடுவில் இல்லை என்று வைத்துக்கொள்வதே சரி.

வியாழன், சனிக்கு இன்னும் சுலபமான வழி 1619-இல் வந்தது. அதுவும் கெப்ளர்தான். ஒரு கோள் எத்தனை ஆண்டில் சுற்றுகிறதோ அந்த எண்ணின் வர்க்கமும், பூமியைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் இருக்கிறதோ அந்த எண்ணின் கனமும் சமம். வியாழனுக்கு 11.86 ஆண்டு. அதன் வர்க்கம் 140.7. எந்த எண்ணின் கனம் அது? 5.2. அவ்வளவுதான், வியாழன் பூமியைப்போல் 5.2 மடங்கு தூரம். சனிக்கு 29.46 ஆண்டு, போட்டுப் பாருங்கள், 9.54 வரும். சுற்றும் காலத்தை அறிய வானத்தைப் பொறுமையாகப் பார்த்தாலே போதும், கோணம்கூடத் தேவையில்லை. ஏன் இப்படி என்பதற்கு 1687-இல் நியூட்டன் காரணம் சொன்னார்: தூரம் இரண்டு மடங்கானால் சூரியனின் இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். அதிலிருந்தே இந்த விதி வந்துவிடும்.

சரி, வரைபடம் தயார். இப்போது ஒரே ஒரு தெருவை அளக்க வேண்டும்.

சூரியனையே நேராக அளக்கலாமே என்று தோன்றும். இரண்டு ஊரிலிருந்து ஒரே பொருளைப் பார்த்தால், பின்னணியில் உள்ள நட்சத்திரங்களுக்கு நடுவே அது சற்று இடம் மாறித் தெரியும். ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி, நீட்டிய விரலைப் பார்த்தால் விரல் நகர்வது போலத் தோன்றுமே, அதே இடமாறு தோற்றம்தான். ஆனால் சூரியனைச் சுற்றி நட்சத்திரமே தெரியாது, எதை வைத்து ஒப்பிடுவது? அதனால் பூமிக்குப் பக்கத்தில் வரும் வேறு கோள் எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. 1672-இல் செவ்வாய் நன்றாக நெருங்கி வந்தபோது வானியலாளர்கள் காசினி பாரிஸில் இருந்தும், ழான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேனில் இருந்தும் அதைப் பார்த்தார்கள். செவ்வாய் இடம் மாறித் தெரிந்தது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்துச் சூரியனின் தூரம் சுமார் 14 கோடி கி.மீ. என்று கணக்கிட்டார்கள். சூரியன் இவ்வளவு தொலைவு என்று மனிதர்களுக்கு ஓரளவு சரியாகத் தெரியவந்தது அப்போதுதான்.

இன்னும் துல்லியம் வேண்டும் என்று 1716-இல் எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொன்னார். வெள்ளி எப்போதாவது சூரியனின் முகத்துக்கு நேர் குறுக்கே கரும்புள்ளியாகக் கடந்து போகும். அதுதான் வெள்ளி இடைநகர்வு. பூமியின் வடக்கில் இருந்து பார்ப்பவருக்கும் தெற்கில் இருந்து பார்ப்பவருக்கும் அந்தப் புள்ளி கடக்கும் கோடு சற்று மாறும், அதனால் கடக்கும் நேரமும் மாறும். கடிகாரத்தை வைத்தே தூரத்தைப் பிடித்துவிடலாம். 1761-லும் 1769-லும் அது நடந்தபோது ஹாலி உயிரோடு இல்லை. ஆனால் பல நாட்டு வானியலாளர்கள் உலகம் முழுவதும் கிளம்பிப் போனார்கள். கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலில் உள்ள தஹிதித் தீவுக்குப் போனது இதற்காகத்தான். பிரெஞ்சுக்காரர் லெ ஜான்டில் புதுச்சேரிக்கு வரப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்துவிட்டதால், 1761-இல் இடைநகர்வு நடந்தபோது நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் உதவாது, பார்த்தும் பயனில்லை. அடுத்ததற்காக எட்டு ஆண்டுகள் திரும்பிப் போகாமல் கிழக்கிலேயே இருந்து, 1769-இல் புதுச்சேரியில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். மற்றவர்கள் எடுத்த அளவுகளை எல்லாம் சேர்த்து பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து சொன்ன விடை சுமார் 15.3 கோடி கி.மீ. சரியான எண்ணுக்கு மிக அருகில்.

பிறகு ஈரோஸ் என்ற சிறுகோளும் உதவியது. 1931-இல் அது பூமிக்கு 2.6 கோடி கி.மீ. வரை நெருங்கி வந்தது. எந்தக் கோளாக இருந்தாலும் சரி, சிறுகோளாக இருந்தாலும் சரி, வரைபடத்தில் அதன் இடம் தெரிந்திருந்தால் போதும் என்பதுதான் இதில் உள்ள வசதி.

1961-இல் எல்லாம் மாறியது. கலிஃபோர்னியாவில் உள்ள கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா போன்றவற்றிலிருந்து ரேடார் அலையை வெள்ளிக்கு அனுப்பி, அது மோதித் திரும்பி வர ஆன நேரத்தை அளந்தார்கள். சில நிமிடங்களில் எதிரொலி வந்தது. அலை ஒளியின் வேகத்தில் போகும், அந்த வேகம் தெரியும், ஆக தூரம் கிடைத்துவிட்டது. சூரியனுக்கே ஏன் அனுப்பவில்லை? அதற்குக் கெட்டியான மேற்பரப்பு இல்லை, போதாததற்கு அதுவே பெரிய ரேடியோ இரைச்சல். அந்த ஒரே எண்ணில் நம் 10 செ.மீ. கோடு 14.96 கோடி கி.மீ. என்று உறுதியானது. புதன் 5.79 கோடி, வெள்ளி 10.82, செவ்வாய் 22.79, வியாழன் 77.8, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. எல்லாம் கோடி கிலோமீட்டரில், சராசரித் தூரம். அதே தாளில் நெப்டியூனைக் குறிக்க வேண்டுமானால் 3 மீட்டர் நீளத் தாள் வேண்டும். அதில் சூரியன் 1 மி.மீ. கூட இல்லாத ஒரு புள்ளி, பூமி கண்ணுக்கே தெரியாது. ஒரே பக்கத்தில் எட்டுக் கோளையும் அடுக்கிக் காட்டும் படம் ஏன் சரியான அளவில் இருக்கவே முடியாது என்பது இதிலிருந்து புரியும்.

உங்கள் இரண்டாவது கேள்வி, மாறாமல் இருக்குமா? மாறும். சூரியன் நடுவில் இல்லை என்று பார்த்தோமே. பூமி ஜனவரி தொடக்கத்தில் 14.71 கோடி கி.மீ. வரை நெருங்கும், ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி வரை விலகும். வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் இது காரணம் இல்லை, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம். பூமி நெருங்கியிருக்கும் ஜனவரியில்தான் வடக்கு நாடுகளில் பனி கொட்டுகிறது. செவ்வாயில் இந்த வித்தியாசம் பெரிது: 20.7 கோடியிலிருந்து 24.9 கோடி வரை. நெருங்கும்போது கோள் வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடும். சராசரி வேகமும் தூரத்துக்கு ஏற்பக் குறையும். புதன் நொடிக்கு 47 கி.மீ., பூமி 30, நெப்டியூன் 5.4. நெப்டியூனை 1846-இல் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு தன் முதல் சுற்றை அது 2011-இல்தான் முடித்தது.

சூத்திரம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 0, 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 4 கூட்டி 10-ஆல் வகுத்தால் 0.4, 0.7, 1, 1.6, 2.8, 5.2, 10 என்று வரும். பூமியின் தூரத்தை 1 என்று வைத்தால், கோள்களின் தூரங்களுக்கு இவை கிட்டத்தட்டப் பொருந்தும். டைட்டியஸ்-போடே விதி என்பார்கள். 1781-இல் கண்டுபிடித்த யுரேனஸ் இதற்கு ஒத்துப்போனது, 1801-இல் கிடைத்த சீரிஸ் என்ற குறுங்கோள் 2.8-க்கு அருகிலேயே வந்து உட்கார்ந்தது. அப்புறம் நெப்டியூன் வந்தது. விதிப்படி 38.8 இருக்க வேண்டும், இருப்பது 30.1. இதற்குப் பின்னால் நிரூபிக்கப்பட்ட இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. வர்க்கமும் கனமும் சமம் என்று மேலே பார்த்தோமே, கெப்ளரின் அந்த மூன்றாம் விதியோடு இதை ஒன்றாகச் சேர்த்து வைக்காதீர்கள், அது ஈர்ப்பு விசையிலிருந்து நேராக வருவது.

கடைசியாக ஒன்று. 2012-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வானியல் அலகை (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரத்தை ஒட்டிய அளவு) 149,59,78,70,700 மீட்டர் என்று நிலையான எண்ணாக வைத்துவிட்டது. பூமியின் உண்மையான தூரம் அந்த எண்ணோடு கட்டிப்போட்டதில்லை. சூரியன் ஒளியாக வெளிவிடும் ஆற்றலுக்கு ஈடாக நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை இழக்கிறது, சூரியக் காற்றாக வெளியேறுவது தனி. அந்த அளவுக்கு அதன் பிடி தளர்வதால் பூமியின் பாதை ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விரிகிறது.