கார்டில் பணம் வாங்கலாமா?

கேள்வி: சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். வெளியூர்க்காரர்கள் கிரெடிட் கார்டில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். வெப்சைட் இல்லாமல் முடியுமா? எவ்வளவு பிடிப்பார்கள்?
- ஒரு வாசகி, சின்னாளபட்டி

பதில்: தாராளமாக முடியும். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். தொகையைப் போட்டால் ‘பேமென்ட் லிங்க்’ வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டியதுதான். கார்டு எண்ணையும் ஓடிபியையும் வாடிக்கையாளரே அங்கே அடித்துக்கொள்வார். அவசரம் என்று சொல்லிச் சிலர் கார்டைப் படம் எடுத்தே அனுப்புவார்கள். உடனே அழித்துவிடுங்கள். கார்டு எண்ணை வியாபாரிகள் சேமித்து வைக்க 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் தடை இருக்கிறது.

பான், வங்கிக் கணக்கு, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு எல்லாம் கையில் இருந்தும் விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் பெயரால்தான். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் வெறும் இன்ஷியல் இருக்கும். நம் ஊருக்கே உரிய தலைவலி இது! முதலில் வங்கியில் பெயரைச் சரிசெய்துகொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

கட்டணம் வழக்கமாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கார்டில் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அது அந்தக் கட்டணத்துக்கு மட்டும்தான், சேலை விலைக்கு அல்ல. 3,000 ரூபாய் சேலைக்குக் கட்டணம் 60 ரூபாயும் ஜிஎஸ்டி 10.80 ரூபாயும் போக 2,929.20 கைக்கு வரும். வெளிநாட்டுக் கார்டுக்கு இன்னும் கூடும். பணம் பொதுவாக இரண்டு வேலை நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். வெள்ளிக்கிழமை விற்றதை நம்பி சனிக்கிழமை சாயப்பட்டறைக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பணம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். எனக்கு வரவில்லை. சரக்கை அனுப்பலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். பேமென்ட் கேட்வேயில் உங்கள் கணக்குப் பக்கமான டேஷ்போர்டைப் பாருங்கள். ‘கேப்சர்டு’ என்றிருந்தால் தொகை உங்களுக்கு உறுதியாகிவிட்டது, அனுப்பலாம். ‘ஆதரைஸ்டு’ என்றே நின்றால் வங்கி தொகையை நிறுத்தி வைத்திருக்கிறது, உங்கள் பக்கம் இன்னும் வரவில்லை என்று பொருள். கேப்சர் செய்யாமல் விட்டால் அவருக்கே திரும்பிவிடும். செட்டிங்கில் ஆட்டோ கேப்சரைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

‘ஃபெயில்டு’ என்றிருந்தால் வேறொரு லிங்க் அனுப்புங்கள். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த தொகையை 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. அதை வாடிக்கையாளரிடம் சொன்னால் சண்டை பாதி அடங்கிவிடும்.