கடல் தாண்டாத பல்லிகள்: வாசகர் கேள்விகள்

கடல் பிரித்த தீவில் பல்லி தனி இனமாகிவிடும் என்கிறார்கள். மும்பையும் ஏழு தீவாக இருந்ததுதானே? அப்படியானால் கொலாபா பல்லியும் மாஹிம் பல்லியும் வேறு வேறா?
– மாட்டுங்கா வாசகர்

இல்லை. அந்தத் தீவுகளுக்கு நடுவே இருந்தது பெரும்பாலும் சதுப்பும் ஓடையும். 1784 வாக்கில் ஹார்ன்பி வெல்லார்ட் என்ற கடல் தடுப்புக் கரையைக் கட்டியது முதல் அதையும் மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். தவிர, வீட்டுப் பல்லி மூட்டை முடிச்சோடு ஊர் போகிற ஜீவன். பசிபிக் தீவுகளுக்கே கப்பலேறிப் போய்க் குடும்பம் நடத்துகிறது.

கடல் எவ்வளவு அகலமோ, மரபணு வேறுபாடும் அவ்வளவு. சரியா?
– செம்பூர் வாசகர்

பாதி சரி. முதலில் ஆழத்தைப் பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? 20,000 வருஷத்துக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்தான். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாய் ஆழமானது; அப்போதும் தரையாகவில்லை. ஆனால் தரை இருந்தால் மட்டும் போதாது. மூக்கில் கொம்புள்ள ஓணான்கள் இலங்கையோடு நின்றுவிட்டன. ஈரக்காட்டு ஓணானுக்கு வறண்ட சமவெளியும் கடல்தான்.

எலிஃபண்டா தீவில் மூன்று பல்லிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பார்த்தேன். தனி இனம் என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவர், சயான்

கூடாது. மூன்றே மூன்று பல்லியை வைத்து முடிவு சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டும் சொல்லும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பாருங்கள்.

அந்தமான் டூர் போனபோது பச்சைப் பல்லி ஒன்றைக் குழந்தை பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். பாவம், ஆரே காட்டில் விட்டுவிடட்டுமா?
– முலுண்ட் வாசகி

விடாதீர்கள், அம்மா. விடுமுறை முடிந்தால் இப்படி ஒரு கடிதம் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் இரக்கம்; பிடிக்கும்போது மட்டும் அது இருப்பதில்லை. நீங்கள் சொல்வது அந்தமான் பகல் பல்லியாக இருந்தால், அது அந்தத் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லை. நெருங்கிய சொந்தமெல்லாம் மடகாஸ்கர் பக்கம். ஆரேயில் அது செத்துப்போகலாம், இல்லையென்றால் நோயைப் பரப்பலாம். சரி, திருப்பி அந்தமானுக்கே அனுப்பலாம் என்றால் எந்தத் தீவு? அதை நீங்கள் எழுதவே இல்லை. கடல் பல்லாயிரம் வருஷம் பிரித்து வைத்ததை ஒரு பாட்டில் கலந்துவிடும். கரிபியனில் லெஸ்ஸர் ஆன்டிலிஸ் இகுவானா என்ற பெரிய பல்லியினத்துக்கு நேர்ந்தது இதுதான். வெளியிலிருந்து வந்த பச்சை இகுவானாவோடு கலந்து, பல தீவுகளில் அசல் இனமே கரைந்துகொண்டிருக்கிறது. நாளைக்கே வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பிடித்த தீவின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பல்லி தானாகக் கடல் தாண்டுமா?
– டோம்பிவிலி வாசகர்

எப்போதாவது. 1995 புயலுக்குப் பின் வேரோடு பெயர்ந்த மரங்களில் மிதந்து, 15 பச்சை இகுவானாக்களாவது ஆங்குவிலா தீவில் கரையேறின.

ஒரே ஒரு ஜோடி போய்ச் சேர்ந்தால் வம்சம் நிலைக்குமா?
– தாராவி மாணவி

நல்ல கேள்வி. 2005-ல் பஹாமாஸில், புயல் துடைத்துப்போட்ட ஏழு குட்டித் தீவுகளில் தலா ஒரு ஜோடி பழுப்பு அனோல் பல்லியை விட்டுப் பார்த்தார்கள். ஏழிலும் பெருகின. அங்கே இருப்பது குச்சிச் செடிகள்தான்; மெல்லிய குச்சியில் ஏறக் குட்டைக்கால்தான் வசதி என்பதால் சில வருஷத்தில் எல்லாத் தீவிலும் கால் குட்டையானது. ஆனாலும் நெட்டைக்கால் ஜோடியின் வாரிசுகள் மற்றவற்றைவிட நெட்டையாகவே இருந்தன. மரபணு வகைகள் தாய்த்தீவைவிடக் குறைவு. முதலில் வந்த சிலரின் மரபே வம்சம் முழுக்கத் தொடர்வதை நிறுவுநர் விளைவு என்பார்கள். அதை இவ்வளவு தெளிவாக இயற்கையில் பார்ப்பது அபூர்வம்.

படம் இணைத்துள்ளேன். எந்தத் தீவுப் பல்லி?
– பெயர் இல்லை

ஊர் இல்லை, தேதி இல்லை, படத்தில் தலையும் இல்லை. வால் ஓணானுடையது.